வாய்க்கால் மேட்டு வீடு (குடும்பக் குழு)

திருப்பூர் சித்தப்பா: அம்மா கருமாதிப் பத்திரிகைக்கு அச்சகத்தில் வாசகம் கேட்கிறார்கள். சாயங்காலத்துக்குள் கொடுத்தால்தான் நாளைக்குக் கைக்கு வரும். பிறந்த வருடமும் வயதும் யாராவது உறுதியாகச் சொல்லுங்கள்.

கோபி அத்தை: 90 என்று போடு

திருப்பூர் சித்தப்பா: ஆதாரில் 1.1.1940 இருக்கிறது அக்கா. 85தான் வருகிறது.

சின்ன அத்தை: ஆதாரில் ஊரில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான்

பெரியப்பா: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் போட்டே சொல்கிறேன். 1948-ல் பவானிசாகர் அணை வேலை ஆரம்பித்தபோது அம்மா ஆடு மேய்க்கிற பிள்ளை. அம்மா பிறந்த காடு இன்றைக்கு அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. தண்ணீர் வற்றி டணாய்க்கன் கோட்டைப் பழைய கோவில் வெளியே தெரிகிற வருடமெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், கரையில் நின்று "அந்தப் பக்கம்தான் நம்ம பட்டி" என்று கையைக் காட்டும். 1955-ல் அணை முடிந்து, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அம்மா கல்யாணமாகி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் நம் காட்டில் கம்பும் சோளமும்தான். அப்பா கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டுவார், அம்மா தண்ணீர் கட்டும். நான் பிறந்தது 1957. ஆகவே

டல்லஸ் அக்கா: பெரியப்பா, வருஷம்?

பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன் கண்ணு.

நம்பியூர் மாமா: (படம்: இனிய காலை வணக்கம்)

திருப்பூர் சித்தப்பா: மாமா, இப்போதைக்கு இது வேண்டாங்க

நம்பியூர் மாமா: வேற குழுவுக்கு அனுப்பினதுங்க மாப்பிள்ளை

சின்ன அத்தை: பெட்டியைத் திறந்திருக்கிறேன். அம்மா தைத்த போர்வைகளுக்கு அடியில் அம்மாவோட அப்பா எழுதின நோட்டு கிடைத்தது. வெகுதானிய வருஷம், தை மாசம். தேதி கரையான் அரித்துவிட்டது.

பெரியப்பா: அருமை! தாது வருடம் 1936, அதற்கடுத்து ஈஸ்வர, அதற்கடுத்தது வெகுதானிய. 1938 சித்திரையில் தொடங்கும். தை என்றால் ஆங்கிலத்துக்கு 1939 ஆகிவிடும். 86 முடிந்து 87 நடப்பு. நான் சொல்ல வந்ததும் 1939தான்.

கோபி அத்தை: அப்போ 87 போடு

திருப்பூர் சித்தப்பா: 86 முடிந்தது என்றால் 86தானே அக்கா

கோபி அத்தை: சாவுக்கு நடப்பு வயதுதான் போடுவார்கள்

பெங்களூர் அண்ணன்: போர்வை எத்தனை இருக்குது அத்தை?

சின்ன அத்தை: (படம்)
(படம்)
பெட்டி நிறைய இருக்கிறது. ஒன்று பாதியில் நிற்கிறது, ஊசி அதிலேயே குத்தியிருக்கிறது.

டல்லஸ் அக்கா: அந்த ஊதாக் கரை எங்க அம்மாவோட சேலை!! அப்பத்தா அதைக் கேட்டு வாங்கினது எனக்கு நினைவிருக்குது

பெங்களூர் அண்ணன்: நடுவில் பச்சை?

பெரியப்பா: அது அப்பாவுடைய விவசாயச் சங்கத் துண்டு. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயம்புத்தூரில் மாட்டுவண்டிப் போராட்டம் நடந்ததே, மின்கட்டணத்துக்காக, அதற்கு அப்பா வண்டி கட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு அம்மா அந்தத் துண்டை வெளியே எடுக்கவே இல்லை. கடைசியில் போர்வைக்கு நடுவில் வைத்துத் தைத்துவிட்டது.

கோபி அத்தை: அப்பா சங்கம் சங்கம் என்று போய்விடுவார். ராத்திரித் தண்ணீர் முறையெல்லாம் அம்மாதான்

கோபி அத்தை: மேலண்டைக் காட்டுக்காரர் ஒரு நாள் நம் மடையை அடைத்துவிட்டார்

கோபி அத்தை: அம்மா அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகப் போய் மடையை வெட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அவர் வந்து கத்துகிறார். "என் முறை முடியட்டும், அப்புறம் நீ கால் கழுவக்கூட இங்கேதான் வரோணும்" என்றது. விடியும்வரை எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் சாக்கு போட்டுப் படுத்திருந்தேன்

நம்பியூர் மாமா: அவரே நேற்று துக்கத்துக்கு வந்து அழுதாருங்க

பெங்களூர் அண்ணன்: மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்ட பிறகு களத்தில்தான் அப்பத்தா போர்வை விரிக்கும். பொங்கலுக்குக் கொடுக்கும் இலவசச் சேலை அடியில், அப்பாரு வேட்டி நடுவில், நல்ல சேலை மேலே. மூலைக்கு ஒரு கல். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே தைத்துக்கொண்டு போகும். தையல் ஒவ்வொன்றும் நெல் நீளம்தான். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கிற வேலை.

திருப்பூர் சித்தப்பா: கம்பெனி கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். பனியன் துணி இழுக்கும், தையல் நிற்காது என்று தள்ளிவிட்டது.

பெரியம்மா: வீட்டில் சென்னிமலைப் போர்வை அடுக்கி இருக்கும். பிள்ளைகள் எல்லாம் இதுக்குத்தான் சண்டை போடும்

பெரியம்மா: எனக்கு மட்டும் ஒன்றும் தைத்துக் கொடுக்கவில்லை. முப்பது நாற்பது வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தேன்

கோபி அத்தை: அண்ணி, அந்தப் பாதியில் நிற்பது உங்களுக்குத்தான். உங்கள் கல்யாணச் சேலை ஓரம் அதில் இருக்கிறது, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

பெரியம்மா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பெரியம்மா: பார்த்தேன்

டல்லஸ் அக்கா: பச்சைத் துண்டு வைத்தது யாருக்கு?

பெங்களூர் அண்ணன்: எனக்கு வேணும் என்று சொல்லி வைக்கிறேன்

திருப்பூர் சித்தப்பா: அது இந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

சின்ன அத்தை: வீடு உங்களுக்கு, காடு உங்களுக்கு. போர்வையிலாவது பொண்ணுகளுக்குப் பங்கு உண்டா?

திருப்பூர் சித்தப்பா: அதை இங்கே பேச வேண்டாம்.

பெரியப்பா: சட்டப்படி பார்த்தால், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு, பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு கொடுத்த அந்தத் திருத்தம் பொருந்தாது. 2005-ல் மத்தியச் சட்டம் வந்தது, ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. நம்முடையது 1996.

டல்லஸ் அக்கா: பெரியப்பா!!

சின்ன அத்தை: சட்டம் எனக்கும் தெரியும் அண்ணா. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அம்மா என்ன சொன்னது என்பதும் தெரியும். வண்டியில் நீங்களும்தான் இருந்தீர்கள்.

கோபி அத்தை: ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுவோம் தங்கம். எனக்கும் அதில் பேச இருக்கிறது

நம்பியூர் மாமா: பந்தியில் எத்தனை பேருங்க? சமையல்காரர் கேட்கிறார்

திருப்பூர் சித்தப்பா: அச்சகத்திலிருந்து மறுபடியும் கூப்பிடுகிறார்கள். 86 என்று சொல்லிவிடவா?

கோபி அத்தை: 87

பெரியப்பா: "வெகுதானிய வருடம் தை மாதம் பிறந்து" என்றே போட்டுவிடலாம். வயதே வேண்டாம். "தன் கையால் காடு திருத்தி, தன் கையால் போர்வை தைத்து எங்களை வளர்த்த" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்.

பெரியம்மா: அந்த வரி இருக்கட்டும்

பெங்களூர் அண்ணன்: 🙏

திருப்பூர் சித்தப்பா: வரி சேர்த்தால் பேரன் பேத்திகள் பெயர் பின்பக்கம் போகும் என்கிறார்கள்.

டல்லஸ் அக்கா: போகட்டும் சித்தப்பா. நான் சனிக்கிழமை காலை கோயம்புத்தூரில் இறங்குகிறேன், விமான நிலையத்துக்கு யார் வருகிறீர்கள்?

நம்பியூர் மாமா: நான் வரேன் சாமி. பந்திக்கு எத்தனை பேர் என்று முதலில் யாராவது சொல்லுங்க