சேசிஸ் எண்ணைத் தடவிப் பார்த்த மதிப்பீட்டாளர்: ஒரு போர்ஷே, ஒரு மெர்சிடிஸ்

போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 வாங்க விரும்புகிறவர் முதலில் சேசிஸ் எண்ணை, அதாவது காரின் உடலில் பொறித்த அடையாள எண்ணை, பார்க்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்த எண்ணையும் பார்த்தவுடனே நம்பிவிடக் கூடாது என்பதை, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கும் நண்பர் ஒருவருக்குத் துணையாகக் கார் பார்க்கப் போனபோது தெரிந்துகொண்டேன்.

பந்தயத்தில் ஓட அனுமதி பெற விதி கேட்ட குறைந்தபட்ச எண்ணிக்கையான 500 கார்களை விற்க முடியுமா என்ற தயக்கத்தோடுதான் 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் இந்தக் காரை போர்ஷே அறிமுகப்படுத்தியது. அவை வேகமாக விற்றுத் தீர்ந்ததால், உற்பத்தி இறுதியில் 1,500-ஐயும் தாண்டியது. 210 குதிரைத்திறன் எஞ்சின், மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, பின்புறம் வாத்து வால் போல் நிமிர்ந்த கண்ணாடியிழை மூடி ஆகியவையே இதன் சிறப்பு. எடை குறைந்த ஸ்போர்ட் வகையை எம்471 என்றும், வசதிகள் கூடிய டூரிங் வகையை எம்472 என்றும் குறிப்பார்கள். ஆனால் அடிப்படை உடல் சாதாரண 911-இன் உடல்தான் என்பதால், அதே ஆண்டின் சாதாரண வகையான 911 டி அல்லது 911 ஈ ஒன்றை வாங்கி, பின்சக்கர வளைவுகளை அகலப்படுத்தி, வாலைப் பொருத்தி, பக்கவாட்டில் 'கரேரா' என்று ஒட்டிவிட்டால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

நாங்கள் பார்த்தது வெள்ளை உடலில் சிவப்பு எழுத்துகள் கொண்ட, படங்களில் எல்லோரும் பார்த்துப் பழகிய தோற்றமுடைய கார். உடன் வந்த மதிப்பீட்டாளர் வெளித்தோற்றத்தைக் கவனிக்கவே இல்லை. முன்பக்க டிக்கியைத் திறந்து, விரிப்பை விலக்கி, எண்ணைத் தேடினார். அது 9113 என்று தொடங்கி, ஐந்தாவது இலக்கம் 6 என்று முறையாகவே இருந்தது. 911 ஈ என்றால் அந்த இடத்தில் 2 இருக்க வேண்டும். நண்பரின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் மதிப்பீட்டாளர் பெயிண்ட் பூச்சின் தடிமனை அளக்கும் கருவியை எண்ணுக்கு மேலும், பக்கத்திலும், சற்றுத் தள்ளியும் மாறி மாறி வைத்துப் பார்த்தபின், விரல் நகத்தால் அந்தத் தகட்டை மெதுவாகத் தடவினார். பெயிண்டுக்கு அடியில் அரைத்த தடம் இருந்தது. இலக்கங்களும் ஒரே ஆழத்தில் இல்லை. பழைய எண்ணை அரைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பொறித்திருக்கிறார்கள் என்பதற்கான அறிகுறிகள் இவை. எஞ்சின் 911/83 என்ற சரியான வகைதான். ஆனால் எஞ்சினை ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாற்றிவிடலாம் என்பதால் அது தனியாக எதையும் நிரூபிக்காது.

'முழுக்க அசல்' என்று தொடங்கிய வியாபாரி, பிறகு 'விபத்துக்குப் பின் பழுது பார்த்திருக்கலாம்' என்றார். நாங்கள் கிளம்பும்போது 'விலையைப் பேசிக்கொள்ளலாம்' என்றார். நகல் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். நகல் என்று சொல்லி விற்றால், ஓட்டி மகிழ அதைவிட நல்ல கார் கிடைப்பது அரிது. அசலின் விலையைக் கேட்பதுதான் மோசடி.

அதன்பின் தென் ஜெர்மனியின் ஸ்வேபியப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் சந்தித்த ஓய்வுபெற்ற பொறியாளர் முற்றிலும் வேறு ரகம். அவரிடம் இருந்தது மெர்சிடிஸ் 190 ஈ 2.5-16 எவல்யூஷன் 2. 1990-இல் பந்தய அனுமதிக்காக 502 மட்டுமே செய்யப்பட்ட, 235 குதிரைத்திறன் கொண்ட, பெரிய பின்சிறகுள்ள கார். கார் தயாரானபோதைய விவரங்கள் உள்ள தொழிற்சாலையின் தரவு அட்டை, சர்வீஸ் புத்தகம், வாகனத் தகுதிச் சோதனையான டியூஃபின் பழைய அறிக்கைகள் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் மேசைமேல் பரப்பிவைத்துவிட்டுத்தான் கார் கொட்டகையின் கதவையே திறந்தார். அந்தச் சோதனை வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதாலும், அறிக்கையில் கிலோமீட்டர் பதிவாவதாலும், அவற்றை வரிசையாகப் படித்தாலே மீட்டரைப் பின்னோக்கித் திருப்பியிருக்கிறார்களா என்று கண்டுபிடித்துவிடலாம். 30 ஆண்டு நிறைந்த பழமையான காருக்கு ஜெர்மனியில் தரப்படும் 'ஹெச்' எண்பலகையும் பெற்றிருந்ததால், ஆண்டு வரி சுமார் 192 யூரோதான்.

முதல் கியர் இடப்புறம் கீழே இருக்கும் என்பதை அவர் பலமுறை நினைவூட்டியும், நண்பர் பழக்கத்தில் மேலே தள்ளி ரிவர்ஸில் போட்டுவிட்டார், முதியவர் சிரிக்கவில்லை. வாங்கி எங்கே வைப்பீர்கள், குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலையில் எடுப்பீர்களா, முதலீடாகப் பூட்டிவைப்பீர்களா என்று அவர் கேட்ட கேள்விகள் நாங்கள் கேட்டவற்றைவிட அதிகம். அவர் சொன்ன விலை நண்பருக்கு எட்டவில்லை. அந்த ஆவணங்களைப் பார்த்தபின் அதைக் குறைத்துக் கேட்கவும் எங்களுக்கு வாய் வரவில்லை.

நண்பர் இப்போது பெயர்பெற்ற வகைகளை விட்டுவிட்டு, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்திய சாதாரண 911 டி ஒன்றைத் தேடுகிறார். மதிப்பீட்டாளரின் கட்டணத்தை முதல் செலவாகவே ஒதுக்கிவைத்திருக்கிறார்.