கலைச்சொல்: கொரியக் கால்பந்து வீரரின் சாங்மு காலத்தை "இரவல்" எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கொரிய முன்கள வீரர் சோ கியூ-சங் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் ஆடிய அணிகளின் அட்டவணையில் ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன். 2019 அன்யாங், 2020 முதல் ஜியோன்புக், 2023 முதல் டென்மார்க்கின் மிட்யூலான். இவற்றில் சிக்கல் இல்லை. நடுவே 2021 மார்ச் முதல் 2022 செப்டம்பர் வரை கிம்சியோன் சாங்மு. இது தென்கொரியப் படைத்துறையின் அணி. ஆங்கில அட்டவணைகளில் இரவல் வீரருக்குப் போடும் அதே அம்புக்குறியை இதற்கும் போடுகிறார்கள். நானும் "படை இரவல்" என்று எழுதிவிடலாமா?

* * *

> "படை இரவல்" என்று எழுதிவிடலாமா?

வேண்டாம் என்பேன். இரவல் என்றால் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், இருவருக்கும் சம்மதம். சம்பளத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, எப்போது திரும்ப அழைக்கலாம், வாங்கிய கழகமே விலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்றெல்லாம் பேசி ஒப்பந்தம் போடுவார்கள். சாங்முவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உடல் தகுதியுள்ள தென்கொரிய ஆண்கள் படையில் பணியாற்றியே ஆகவேண்டும். தரைப்படை என்றால் இப்போது 18 மாதம். கால்பந்து வீரர் விண்ணப்பித்துத் தேர்வானால் அந்த மாதங்களைச் சாங்முவில் பந்தோடு கழிக்கலாம். கையில் வருவது படைவீரர் சம்பளம்தான். அந்த அணி யாரையும் விலைக்கு வாங்காது, விற்காது. வெளிநாட்டு வீரரும் கிடையாது.

சோவின் கதையையே பாருங்கள். குவாங்ஜு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் தடுப்பு நடுக்களத்திலிருந்து முன்களத்துக்கு மாற்றப்பட்டவர். கொரிய லீக்கின் இரண்டாம் பிரிவில் அன்யாங்குக்காக ஒரே பருவத்தில் 14 கோல் போட்டதும் ஜியோன்புக் அழைத்துக்கொண்டது. 2020இல் ஜியோன்புக் லீக், கோப்பை இரண்டையும் வென்றது. அடுத்த மார்ச்சில் அவர் படையில். சாங்மு அணி அப்போதுதான் சாங்ஜு ஊரிலிருந்து கிம்சியோனுக்கு மாறியிருந்தது. 2020இல் நான்காம் இடம் பிடித்தும், ஊர் மாறுகிறது என்பதற்காகவே இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்ட அணி. அதாவது சாம்பியன் அணியிலிருந்து நேராக இரண்டாம் பிரிவு. எந்தக் கழகமாவது இப்படி மனமொப்பி இரவல் கொடுக்குமா?

ஆனால் அந்த 18 மாதம்தான் அவரை ஆளாக்கியது. உடற்பயிற்சியில் உடம்பை ஏற்றிக்கொண்டார். தடுப்பாட்டக்காரர்கள் மோதினால் அசையாதவர் ஆனார். கிம்சியோன் 2021இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது. 2022இல் முதல் பிரிவில் அவர் கிம்சியோனுக்கு 13 கோல் போட்டிருந்த நிலையில் செப்டம்பரில் பணி முடிந்தது. ஜியோன்புக் திரும்பி இன்னும் 4. மொத்தம் 17. ஜெஜு அணியின் ஜூ மின்-கியூவும் 17தான், ஆனால் கூடுதல் ஆட்டங்களில். அதனால் அதிக கோலுக்கான விருது சோவுக்கு.

கிம்சியோனுக்கு என்ன ஆயிற்று? பருவம் முடிய இருக்கும் நேரத்தில் கோல் போடுகிறவர் போய்விட்டார். 11ஆம் இடத்தில் முடித்து, முதல் பிரிவில் நீடிப்பதற்கான தகுதி ஆட்டங்களில் இரண்டாம் பிரிவு அணியான டேஜியோனிடம் தோற்று, மறுபடி இரண்டாம் பிரிவு. இதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. 18 மாதம் முடிந்தது, ஆள் கிளம்பினார், அவ்வளவுதான். நாம் தேடும் சொல்லில் இந்த வறட்டு நிச்சயம் தெரிய வேண்டும்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நவம்பர் 28, கத்தார் உலகக்கோப்பை, கானாவுக்கு எதிராக மூன்று நிமிட இடைவெளியில் தலையால் இரண்டு கோல். ஆட்டம் 2–3 எனத் தோல்விதான். இருந்தாலும் ஓர் உலகக்கோப்பை ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட முதல் கொரிய வீரர் அவர்.

* * *

அரசுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் ஒரு யோசனை. ஒரு துறையின் ஊழியர் சில காலம் வேறொரு வாரியத்துக்கோ நிறுவனத்துக்கோ போவதை அயற்பணி என்கிறோம். தாய்த்துறையில் அவருடைய பணியுரிமை அப்படியே இருக்கும். காலம் முடிந்ததும் திரும்பிவிடுவார். ஜியோன்புக் தாய்க்கழகம், சாங்மு அயற்பணி. "படை அயற்பணி" என்றால் உடனே புரியும்.

* * *

> "படை அயற்பணி" என்றால் உடனே புரியும்

"தாய்க்கழகம்" அருமை, இப்போதே எடுத்துக்கொள்கிறேன். அயற்பணிதான் உறுத்துகிறது. அதற்குத் தாய்த்துறையின் ஒப்புதல் வேண்டும், ஐயா, ஊழியரும் மறுக்கலாம். (மறுத்தவர்களுக்குப் பிறகு என்ன இடமாற்றம் வந்தது என்பது வேறு கதை.) படை கூப்பிட்டால் கழகம் என்ன சொல்ல முடியும்? பழைய கொரிய முன்கள வீரர் சா பும்-குன் 1978 டிசம்பரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் கழகத்துக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். உடனே விமானப்படையில் பாக்கியிருந்த காலத்தை முடிக்க ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1979இல் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்த பிறகுதான் 308 ஆட்டம், 98 கோல் என்ற அந்தப் பெரிய ஜெர்மானிய வாழ்வு தொடங்கியது. டார்ம்ஸ்டாட்டிடம் யாரும் ஒப்புதல் கேட்டிருக்க மாட்டார்கள்.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். எங்கள் பள்ளிக்கூடங்களில் முதலாம் தவணை, இரண்டாம் தவணை, மூன்றாம் தவணை என்றுதான் சொல்வோம். தவணை என்றால் வகுத்து வைத்த காலம். எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று முன்கூட்டியே தெரியும். "படைத்தவணை" என்று வைத்தால் என்ன? உதைபந்தாட்டத்துக்கு மட்டுமல்ல, சாங்முவின் பேஸ்போல் அணிக்கும் பொருந்தும்.

* * *

> "படைத்தவணை" என்று வைத்தால் என்ன?

இந்தப் பக்கம் தவணை என்றதும் வண்டிக் கடன்தான் நினைவுக்கு வரும். அது பிழை இல்லை என்றே நினைக்கிறேன். கட்டித் தீர்த்தே ஆகவேண்டியது என்ற பொருளும் சேர்ந்து வருகிறது. கொரிய முன்கள வீரர் லீ டொங்-கூக்கின் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. 1998 உலகக்கோப்பையில் 19 வயதில் நெதர்லாந்துக்கு எதிராகக் களமிறங்கியவர். 2002 உலகக்கோப்பைக்குப் பயிற்சியாளர் ஹிடிங்க் அவரை அணியில் எடுக்கவில்லை. அந்த அணி அரையிறுதி வரை போனது, அதில் இருந்தவர்களுக்குப் படைப்பணியில் சலுகை கிடைத்தது. அதே ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றிருந்தாலும் தப்பியிருப்பார். அரையிறுதியில் ஈரானிடம் பெனால்டியில் தோல்வி, வெண்கலம். வெண்கலத்துக்குச் சலுகை இல்லை. 2003இல் குவாங்ஜு சாங்மு (படை அணி அப்போது அந்த ஊரில் இருந்தது). பிறகு அவர் ஜியோன்புக்கில் ஆடி, கொரியாவின் கே லீக்கில் 228 கோல் என்ற சாதனையோடு 2020இல் ஓய்வு பெற்றார். சோ கியூ-சங் அங்கே வந்து சேர்ந்த ஆண்டு அது. ஒரே ஆடை மாற்றும் அறையில் தவணை முடித்தவரும், தவணை காத்திருந்தவரும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ஒலிம்பிக்கில் ஏதாவது பதக்கம் அல்லது ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர்களுக்குக் கிடைப்பதை நாளிதழ்கள் "விலக்கு" என்றே எழுதுகின்றன. பார்க் சூ-யங்குக்கு 2012 ஒலிம்பிக் வெண்கலத்தாலும், சன் ஹியுங்-மின்னுக்கு 2018 ஆசிய விளையாட்டுத் தங்கத்தாலும் கிடைத்தது. ஜப்பானுடனான அந்த இறுதி ஆட்டத்தில் கொரியாவின் இரண்டு கோலுக்கும் பந்து கொடுத்தவர் சன். ஆனாலும் முழு விலக்கு அன்று. 2020இல் அவர் ஜெஜு தீவில் கடற்படையின் மரைன் பிரிவினரோடு மூன்று வாரம் அடிப்படைப் பயிற்சி எடுத்தார். விதிப்படி 544 மணிநேரம் சமூகப் பணியும் உண்டு. படைப்பணிக்கு ஈடாக வரும் இதை "ஈட்டுப்பணி" என்று சொல்லிப் பார்க்கிறேன். அடிக்க வருபவர்கள் வரலாம்.

* * *

> "ஈட்டுப்பணி" என்று சொல்லிப் பார்க்கிறேன்

ஈட்டு என்றால் ஈட்டுகிற, சம்பாதிக்கிற பணி என்று படிக்க மாட்டார்களா? "மாற்றுப்பணி" என்ற எளிய சொல் இருக்கும்போது ஏன் இந்தச் சுற்று? படைத்தவணைக்கு என் ஓட்டு உண்டு.

* * *

அனைவருக்கும் நன்றி. அட்டவணையில் "2021–2022, கிம்சியோன் சாங்மு, படைத்தவணை; தாய்க்கழகம்: ஜியோன்புக்" என்று எழுதி அம்புக்குறியை எடுத்துவிட்டேன். மிட்யூலானில் முதல் பருவத்திலேயே 12 லீக் கோலும் பட்டமும், பிறகு முழங்கால் அறுவை, அதில் தொற்று, 2024–25 பருவம் முழுவதும் ஆடாதது எல்லாம் எழுதி முடித்தாயிற்று. சன் ஹியுங்-மின் கட்டுரையை இன்னும் தொடவில்லை. ஆகவே ஈட்டுப்பணியா மாற்றுப்பணியா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்; அதற்குள் மாற்றுப்பணிக்குப் பள்ளிக் கல்வித்துறையில் வேறு பொருள் இருப்பதை யாராவது சொல்லிவிடுவார்கள்.