வெளிநாட்டுப் பார்சல்: வரியைவிடக் கையாளுகைக் கட்டணம் அதிகமாக இருக்கிறது, கட்டலாமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. வெளிநாட்டில் இருக்கும் அக்கா என் மகளுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறார். இரண்டு சட்டை, ஒரு ஜோடி ஷூ, சில கதைப் புத்தகங்கள், அப்புறம் அவரே பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு ஹெட்போன். மேலே அன்பளிப்பு என்றே எழுதியிருக்கிறார்.

இப்போது அஞ்சல் நிறுவனத்திடமிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. பணம் கட்டினால்தான் பார்சல் கிடைக்குமாம். சுங்க வரி, விற்பனை வரி, கையாளுகைக் கட்டணம் என்று மூன்று தொகை போட்டிருக்கிறார்கள். முதல் இரண்டையும் சேர்த்தால்கூட மூன்றாவதற்கு எட்டவில்லை. அக்கா அனுப்பும்போதே அஞ்சல் கட்டணம் முழுவதும் கட்டிவிட்டார். பிறகு இது எதற்கு? காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு வரி எப்படி வரும்? கட்டாமல் திருப்பி அனுப்பச் சொன்னால் அக்காவுக்கு ஏதும் செலவு வருமா? சீட்டில் கடைசித் தேதியும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பதில் 1

சகோ, அவசரப்பட்டுக் கட்டவும் வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம். முதலில் அந்த மூன்று தொகையையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே சீட்டில் இருப்பதால் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகிறது என்று தோன்றும். சுங்க வரியும் விற்பனை வரியும் அரசுக்குப் போகின்றன. அவற்றைக் கணக்கிடுவது சுங்கத்துறை. அஞ்சல் நிறுவனம் வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது தொகை மட்டுமே அஞ்சல் நிறுவனம் தனக்காக வாங்குவது. ஆகவே வரி தப்பாக இருக்கிறது என்று கவுண்டரில் இருப்பவரிடம் வாதாடிப் பயன் இல்லை. அதைக் குறைக்கும் அதிகாரம் அவரிடம் கிடையாது.

அக்கா கட்டிய அஞ்சல் கட்டணம் பார்சலைச் சுமந்து வந்து சேர்ப்பதற்கு. வந்த நாட்டில் அதைச் சுங்க அதிகாரியின் முன் வைப்பது, விவரங்களைப் பதிவது, பிரித்துப் பார்த்தால் மறுபடி கட்டுவது, உங்கள் சார்பில் வரியைச் செலுத்திவிட்டு உங்களிடம் வாங்குவது எல்லாம் அதில் அடங்காது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஒப்பந்தமே இந்த வேலைக்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்க அனுமதிக்கிறது. 1874-ல் தொடங்கிய அமைப்பு அது. தலைமையகம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில். ஆனால் உண்மையான செலவை ஒட்டித்தான் வாங்க வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது.

பல இடங்களில் இதை ஒரே நிலையான தொகையாக வைத்துவிடுகிறார்கள். பெரிய பொருள் வரவழைத்தவருக்கு அது உறைக்காது. குழந்தைக்குச் சட்டையும் புத்தகமும் வந்தவருக்கு வரியைவிடப் பெரிதாக நிற்கிறது. இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இருந்தாலும் சட்டப்படி வாங்கும் கட்டணம்தான், மோசடி இல்லை.

உங்கள் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல ஒன்று தெரிய வேண்டும். பார்சல் மேல் ஒட்டிய சுங்க அறிவிப்பில் அக்கா என்ன எழுதியிருக்கிறார்? அனுப்பிய இடத்தில் ஒரு நகல் கொடுத்திருப்பார்கள். அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. அக்கா அனுப்பிவிட்டார். சிஎன் 23 என்று தலைப்பில் இருக்கிறது. அன்பளிப்பு என்ற கட்டத்தில் டிக் செய்திருக்கிறார். பொருள் விவரம் ‘அன்பளிப்புப் பொருட்கள்’ என்று ஒரே வரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மதிப்பு. ஹெட்போனுக்குக் கடையில் வாங்கிய விலையையே கணக்கில் சேர்த்தாராம்.

பதில் 2

அப்படியானால் பிரச்சினையின் பாதி அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

சுங்கத்தில் பொருளுக்குப் பொருள் வரி வேறு. உலக சுங்க அமைப்பு வகுத்த ஆறு இலக்கக் குறியீடுதான் பெரும்பாலான நாடுகளில் அடிப்படை. அதன் மேல் ஒவ்வொரு நாடும் தன் விகிதத்தை வைத்துக்கொள்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்குப் பல நாடுகளில் சுங்க வரியே கிடையாது. துணிக்கும் காலணிக்கும் அதிகமாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதினால் எதற்கு எந்த விகிதம் என்று அதிகாரிக்குத் தெரியாது. மொத்தத்துக்கும் ஒரே விகிதத்தைப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அன்பளிப்பு என்று டிக் செய்தால் வரி வராது என்று பலரும் நம்புகிறார்கள். அது விலக்கு கேட்பதற்கான முதல் படி மட்டுமே. தனி மனிதர் தனி மனிதருக்கு, பணம் வாங்காமல், எப்போதாவது அனுப்புவது என்பதுதான் பொதுவான நிபந்தனை. அதற்கு ஒரு மதிப்பு வரம்பும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, பிரிட்டனில் 39 பவுண்ட். இந்தியா மாதிரி சில நாடுகள் அன்பளிப்புக்கென்று இருந்த விலக்கையே பெரும்பாலும் எடுத்துவிட்டன. அங்கே 2019 டிசம்பரில் அது நின்றது. உங்கள் நாட்டின் வரம்பை அந்தச் சுங்கத்துறையின் தளத்திலேயே பாருங்கள், பழைய பதிவுகளை நம்பாதீர்கள். இன்னொன்று: உறவினர் கடையில் ஆர்டர் செய்து, கடை நேராக உங்களுக்கு அனுப்பினால், அனுப்புநர் கடைதான். அதை அன்பளிப்பாக ஏற்பது அரிது.

அப்புறம் கணக்கு. பொருள் மதிப்பு 100, அஞ்சல் செலவு 20, சுங்க வரி 10 சதவீதம், விற்பனை வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் மனதில் 30 என்று போடுவோம். பல நாடுகள் அஞ்சல் செலவையும் சேர்த்து 120-க்குச் சுங்க வரி போடும்: 12. பிறகு அந்த 132-க்கு விற்பனை வரி: 26.40. மொத்தம் 38.40. வரிக்கு மேல் வரி விழுவது தவறு இல்லை, முறையே அப்படித்தான். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சுங்க வரிக்குப் போக்குவரத்துச் செலவைச் சேர்ப்பதில்லை. இதே வழியில் உங்கள் சீட்டைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். எந்த மதிப்பை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

பதில் 3

முன்பெல்லாம் சின்னப் பார்சல்கள் எதுவும் கேட்காமல் வீட்டுக்கே வந்துவிடுமே, இப்போது மட்டும் ஏன் இப்படி?

பதில் 2

குறைந்த மதிப்புக்கு இருந்த விலக்கு உலகம் முழுக்கச் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலிருந்து 1,000 டாலர் வரையிலான இணைய வாங்கல்களுக்கும் ஜிஎஸ்டியைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலை 1 அன்று நீக்கியது. சிங்கப்பூர் 2023 ஜனவரியில் இதே பாதைக்கு வந்தது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவைத்தது. அதோடு, உள்ளே என்ன இருக்கிறது என்ற தகவல் இப்போது பார்சலுக்கு முன்பே மின்னணு முறையில் போய்விடுகிறது. முன்பு கண்ணில் படாமல் போனது இப்போது பட்டியலிலேயே தெரிகிறது.

பதில் 4

இதோடு சம்பந்தப்பட்ட சந்தேகம். எனக்குச் சீட்டு வரவில்லை, எஸ்எம்எஸ்தான் வந்தது. பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, சின்னத் தொகை கட்டுங்கள் என்று ஒரு லிங்க். நானும் ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். கட்டலாமா?

பதில் 1

தயவுசெய்து அந்த லிங்கைத் தொடாதீர்கள். தொகை சின்னதாக இருப்பதே தூண்டில். அவர்களுக்கு வேண்டியது உங்கள் கார்டு எண்.

அனுப்பியவரிடம் டிராக்கிங் எண்ணைக் கேளுங்கள். அஞ்சல் வழிப் பார்சல் என்றால் அது 13 எழுத்து எண்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து வரும் மீதியை 11-லிருந்து கழித்தால் அந்த இலக்கம் வர வேண்டும். 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே ஒன்பதாவது இலக்கம் 5. எஸ்எம்எஸ்ஸில் வந்த எண் இந்தக் கணக்கில் தேறாவிட்டால் பொய் என்று அங்கேயே முடிவு செய்யலாம். தேறிவிட்டது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது, சரியான எண்ணை யாரும் திருடிப் போடலாம். அஞ்சல் நிறுவனத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போய், உங்களிடம் இருக்கும் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையிலேயே பணம் பாக்கி என்றால் அங்கே தெரியும்.

பதில் 5

என் கேமராவைப் பழுது பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது புதுப் பொருள் மாதிரி முழு மதிப்புக்கும் வரி போட்டிருக்கிறார்கள். என் சொந்தப் பொருளுக்கே வரியா? மனசு ஆறவில்லை.

பதில் 2

உங்கள் வருத்தம் நியாயமானது, பெரும்பாலும் தீர்க்கவும் முடியும். பழுது பார்த்துத் திரும்பும் பொருளுக்குப் பல நாடுகளில் தனி விதி உண்டு. பழுது பார்த்த செலவுக்கு மட்டும் வரி, உத்தரவாதத்தில் இலவசமாகச் செய்திருந்தால் அதுவும் பல நேரம் இல்லை. ஆனால் அதே பொருள்தான் போய்வந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். அனுப்பியபோது நிரப்பிய சுங்க அறிவிப்பின் நகல், அஞ்சல் ரசீது, சீரியல் எண், பழுது பார்த்தவரின் பில் எல்லாவற்றையும் இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். சில நாடுகளில் அனுப்பும் முன்பே சுங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அதையும் பாருங்கள்.

பதில் 1

கேள்வி கேட்ட சகோவுக்கு: இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சீட்டில் உள்ள கடைசித் தேதிக்கு முன்பே சுங்கத்துறைக்கு எழுதுங்கள். பொருள்வாரியாகப் பிரித்த பட்டியல், ஹெட்போன் பழையது என்று அக்காவின் கையெழுத்தோடு ஒரு குறிப்பு, சிஎன் 23 நகல், சீட்டின் நகல் ஆகியவை போதும். பரிசீலனை முடியும்வரை பார்சலை வைத்திருக்க முடியுமா என்று அஞ்சல் நிறுவனத்திடம் தனியாகக் கேளுங்கள். முடியாது என்றால் கட்டி வாங்கிவிட்டு, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பல நாடுகளில் அதற்கென்றே படிவம் இருக்கிறது. அந்த வழி என்றால் பார்சலின் மேலுறையையும் அதில் ஒட்டிய சுங்கச் சீட்டையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அவைதான் ஆதாரம்.

திருப்பி அனுப்புவது கடைசி வழி. அக்கா கொடுத்த அஞ்சல் கட்டணம் திரும்பாது. திரும்பிப் போகும் செலவையும் அவரிடம் கேட்க வாய்ப்பு உண்டு. ‘கொடுக்க முடியாவிட்டால் கைவிடவும்’ என்று படிவத்தில் டிக் செய்திருந்தால் பார்சல் அவருக்கும் போகாது. அதை முதலில் கேட்டுவிடுங்கள்.

பதில் 6

கடையில் வாங்குபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். பணம் செலுத்தும் இடத்திலேயே வரியையும் வாங்கிக்கொண்டார்கள், வீட்டில் மறுபடி கேட்கிறார்கள் என்று நிறையப் பேர் தவிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோவுக்கு உட்பட்ட பொருட்களுக்கு, விற்பவரே வாட் வாங்கிச் செலுத்தும் ஐஓஎஸ்எஸ் என்ற முறை இருக்கிறது. அந்தப் பதிவு எண் மின்னணுத் தகவலில் சேராமல் விட்டுப்போனால் சுங்கத்துக்கு வரி கட்டாத பொருளாகத்தான் தெரியும். இன்வாய்ஸில் வரி தனியாகக் காட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் விற்றவரிடம்தான் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டாவது முறை கட்டிய ரசீதைக் காட்டிக் கேளுங்கள். கூரியர் என்றால், வரியும் சேர்த்துக் கட்டிய டெலிவரியா, வாங்குபவர் கட்ட வேண்டியதா என்று ஆர்டர் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

நண்பர்களே, பட்டியலைப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். பார்சலை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டார்கள். புத்தகத்துக்குப் போட்டிருந்த சுங்க வரியை நீக்கி, ஹெட்போனின் மதிப்பையும் குறைத்துப் புதுச் சீட்டு கொடுத்தார்கள். கையாளுகைக் கட்டணத்தில் மாற்றம் இல்லை. கட்டி வாங்கிவிட்டேன். மகள் புத்தகங்களோடு உட்கார்ந்துவிட்டாள். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த முறை அக்கா எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

பதில் 2

மகிழ்ச்சி சகோ. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: என்ன பொருள், எதனால் ஆனது, எத்தனை, எடை, மதிப்பு. ‘பருத்திச் சட்டை, குழந்தைக்கு, 2’ என்ற மாதிரி. பழையது என்றால் பழையது என்று எழுதி இன்றைய மதிப்பைப் போட வேண்டும். மதிப்பைப் பொய்யாகக் குறைக்க வேண்டாம். நம்பாவிட்டால் அதிகாரியே ஒரு மதிப்பை வைப்பார், தொலைந்தால் இழப்பீடும் எழுதிய மதிப்பைத் தாண்டாது. 2 கிலோவுக்குள் அடங்கும் சின்னப் பாக்கெட்டில் மதிப்பு 300 எஸ்டிஆருக்கு (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) மேல் போகாவிட்டால் சிறிய படிவமான சிஎன் 22 போதும்.

வரம்புக்குள் அடங்குமென்றால் பல சின்னப் பார்சல்களைவிட ஒரே பார்சல் நல்லது. கையாளுகைக் கட்டணம் பார்சலுக்குப் பார்சல் விழும். உங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் வரி போடும் முன்பே உங்களைக் கேட்க வழி இருக்கும்.