பழஞ்சீன மொழியில் ஏவலும் வேண்டுகோளும்: இரண்டு 'வூ', ஒரு 'சிங்' – எங்கே தவறுகிறேன்?

கேள்வி
மென்சியஸ் (கன்பூசிய மரபின் பழஞ்சீனச் சிந்தனையாளர்) நூலின் முதல் அதிகாரத்தை மூலத்தை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறேன். இரண்டு வரிகளில் நிற்கிறேன்.

"வாங் சிங் வூ யி" (மேற்பகுதி 5)
"வாங் சிங் வூ ஹாவ் ஷியாவ் யோங்" (கீழ்ப்பகுதி 3)

தமிழில் எழுதினால் ஒரே வூ. மூலத்தில் எழுத்தும் வேறு, தொனியும் (சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) வேறு: முதலாவது நான்காம் தொனி, அடுத்தது இரண்டாம் தொனி. அகராதி இரண்டுக்கும் 'செய்யாதே' என்றே சொல்கிறது. பிறகு எதற்கு இரண்டு?

'சிங்' (வேண்டுதலைக் குறிக்கும் சொல்) இன்னொரு தலைவலி. "சிங் யி ஜான் யூ" என்பதை 'போரை உவமையாகச் சொல்லுங்கள்' என்று எழுதினேன். ஆனால் அடுத்து உவமை சொல்பவர் மென்சியஸ்தான்!

பதில் 1
சிங்கை முதலில் முடித்துவிடலாம். அதற்கு முன்னால் எழுவாய் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் செய்யப்போவது பேசுபவர்: 'போரை வைத்தே சொல்ல அனுமதியுங்கள்'. 'வாங்' (அரசே) போலக் கேட்பவரைக் குறிக்கும் சொல் முன்னால் நின்றால் செய்ய வேண்டியவர் அவர். இன்றைய சீனத்தில் சிங் என்றாலே 'தயவுசெய்து நீங்கள்' என்றாகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் உங்களை இழுத்திருக்கிறது.

இனி வூ. நான்காம் தொனி வூவுக்குள் 'ஜி' (அதை) என்ற செயப்படுபொருள் கரைந்து கிடக்கிறது. அதனால் வினைக்குப் பின் 'அதை' தனியாக வராது. 'வூ யி' என்றால் 'அதை ஐயுறாதீர்'. எதை? முந்தைய வாக்கியத்தில் சொன்னதை. அடுத்த வரியில் 'ஷியாவ் யோங்' (அற்ப வீரம்) என்று செயப்படுபொருள் வெளிப்படையாக நிற்கிறது, எனவே இரண்டாம் தொனி வூ. காண்டனீஸ் (தென்சீன மொழி) உச்சரிப்பில் முன்னது 'மத்', பின்னது 'மோ'. அந்த ஈற்றுத் தகரம்தான் கரைந்துபோன ஜியின் மிச்சம்.

கேட்டவர்
அப்படியானால் மேற்பகுதி 3இல் "வூ துவோ சீ ஷி" இடிக்கிறதே? அங்கே நான்காம் தொனி; ஆனால் 'சீ ஷி' (அதற்குரிய காலம்) என்று செயப்படுபொருளும் இருக்கிறது.

பதில் 1
'துவோ' (பறி) இரண்டு செயப்படுபொருள் கொள்ளும் வினை: யாரிடமிருந்து, எதை. கரைந்திருப்பது 'அவர்களிடமிருந்து'. 'உழவுக் காலத்தை அவர்களிடமிருந்து பறிக்காதீர்' என்று எழுதுங்கள், சரியாக உட்காரும். ஹான் அரசமரபின் காலத்துக்குப் பிந்தைய நூல்களில் மட்டும் இந்த விதியைத் தேடாதீர்கள். அங்கே இரண்டும் குழம்பிவிட்டன.

அதே பத்தியில் இன்னொரு பொறி. இரண்டாம் தொனி வூவை 'இல்லாமை' என்ற சொல்லுக்குரிய எழுத்தாலேயே எழுதியிருப்பார்கள். 'வூ ஷி சீ ஷி' என்பது 'காலத்தைத் தவறவிடாதீர்'; சற்றுக் கீழே 'கே யி வூ ஜி' என்பது 'பசியில்லாமல் இருக்கலாம்' (இந்த 'ஜி' பசி; முன்பு சொன்ன 'அதை' அல்ல). 'கே யி' (இயலும்) முன்னால் வந்தால் அது விலக்கு அல்ல.

பதில் 2
சீயையும் கவனியுங்கள். மேலே பெயர்ச்சொல்லுக்கு முன் வந்ததால் அது 'அதற்குரிய'. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே வந்தால் பொருளே வேறு. நம் வியங்கோளுக்கு மிக நெருக்கம். ஜோஜுவான் என்ற பழைய வரலாற்று நூலில் கி.மு. 656ஆம் ஆண்டுப் பகுதி: சீ நாட்டுப் படை, முன்னாளில் ஜோவ் மரபின் ஜாவ் அரசன் தெற்கே போய்த் திரும்பாததற்குச் சூ நாட்டிடம் கணக்குக் கேட்கிறது. சூ தூதரின் பதில்: "ஜுன் சீ வென் ஜூ ஷுய் பின்". 'அதைத் தாங்கள் ஆற்றங்கரையில் விசாரித்தருள்க'. 'பிரபு அவருடைய கேள்வி' என்று பிரித்தால் வாக்கியம் செத்துவிடும். ('ஜூ'வும் ஒட்டுச்சொல்தான்: 'அதை' + 'இடத்தில்'.) மரியாதை வடிவத்தில் வந்த குத்தல் இது, 'போய்க் கேள்' என்று இறக்கினால் குத்தல் போய்விடும்.

வெறும் வினை மட்டும் நின்றால்தான் நேர் ஏவல். கன்பூசியஸ் மாணவரிடம் "ஜு!" என்கிறார்: 'உட்கார்!' அரசனிடம் மென்சியஸ் அப்படிப் பேசமாட்டார்.

கேட்டவர்
திருத்தியது: 'அரசே, இதை ஐயுறாதிருக்க வேண்டுகிறேன்', 'அரசே, அற்ப வீரத்தை விரும்பாதிருக்க வேண்டுகிறேன்'.

பதில் 1
முதல் வரியில் 'இதை' விட்டுப்போகாமல் வந்துவிட்டது. சரி.