33 ஓட்டு இல்லேன்னா மசோதா நகராது

யாழினி: சித்தப்பா, செமினாருக்கு அமெரிக்காவோட நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்ற உறுப்பினரா இருந்த எர்னி சேம்பர்ஸை எடுத்திருக்கேன். 49 பேர்ல ஒரே ஆள் எப்படி அவையையே திணறடிச்சார்?

ரவி சித்தப்பா: நல்ல ஆளைத்தான் பிடிச்சிருக்க. முதல்ல அந்த அவையைப் புரிஞ்சுக்கோ. அமெரிக்காவுல ஒரே அவை உள்ள மாநிலம் அது ஒண்ணுதான், 1937-ல இருந்து. ஓட்டுச்சீட்டுல கட்சிப் பேர் கிடையாது. அதனால கொறடா போட்டு யாரையும் அடக்க முடியாது. கூட்டத்தொடர் ஒற்றைப்படை வருஷம் 90 நாள், இரட்டைப்படை வருஷம் 60 நாள். நேரம் அவ்வளவுதான். அதைத்தான் அவர் பிடிச்சுக்கிட்டார்.

வசந்தா அத்தை: விதிமுறைப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு திருத்தம் கொடுத்தா முன்மொழிய 10 நிமிஷம், அப்புறம் 5 நிமிஷமா மூணு முறை, கடைசியில முடிச்சுப் பேசவும் நேரம். ஏறக்குறைய அரை மணி போயிடும். அது தோத்தா அடுத்த திருத்தம், இல்லேன்னா குழுவுக்கே திருப்பி அனுப்பணும்னு ஒரு தீர்மானம். கணக்கு மறுபடி முதல்ல இருந்து. ஒரு மசோதா மூணு கட்டம் தாண்டணும், மூணுலயும் இதையே செய்யலாம்.

யாழினி: பேச்சை நிறுத்தவே முடியாதா அத்தை?

வசந்தா அத்தை: முடியும், 33 ஓட்டு வேணும். மசோதா நிறைவேற 25 போதும், விவாதத்தை முடிக்கத்தான் 33. வந்தவங்கள்ல 33 இல்ல, மொத்தம் 49-ல. 17 பேர் ஓட்டே போடாம உட்கார்ந்திருந்தாலும் மசோதா செத்துடும். அதுக்குப் பயந்தே மசோதா கொண்டுவந்தவங்க அவர்கிட்ட முன்னாடியே சமரசம் பேசுவாங்க. என்னைக் கேட்டா, அவரோட நிஜ பலம் அந்தப் பேரம்தான்.

ரவி சித்தப்பா: அக்கா சொல்றது சரி, ஆனா தடுக்கிறது மட்டுமே அவர் வேலைன்னு எழுதிடாத யாழு. மரண தண்டனையை ஒழிக்கணும்னு தொடர்ந்து மசோதா கொண்டுவந்துட்டே இருந்தார். 1979-ல அவை நிறைவேத்துச்சு, ஆளுநர் வீட்டோ பண்ணிட்டார். 2015 மே மாசம் எல்பி 268-ங்கிற ஒழிப்பு மசோதா 32-15 ஓட்டுல நிறைவேறுச்சு. ஆளுநர் ரிக்கெட்ஸ் வீட்டோ. அதை முறியடிக்க 30 வேணும், சரியா 30-19. ஒரு ஓட்டு நழுவியிருந்தா போச்சு.

யாழினி: ஆனா அங்க இன்னும் மரண தண்டனை இருக்கே?

ரவி சித்தப்பா: எதிர்த்தவங்க கையெழுத்து வாங்கி மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோயிட்டாங்க. 2016 நவம்பர்ல சுமார் 61% பேர் தண்டனை இருக்கணும்னு போட்டுட்டாங்க. விதிப் புத்தகம் அவைக்குள்ளதான் செல்லும், வெளியில ஓட்டுதான்.

வசந்தா அத்தை: பதவிக்காலத்துலயும் அதே கதை. 2000-ல வாக்காளர்கள் தொடர்ச்சியா ரெண்டு தவணைக்கு மேல கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே சேர்த்தாங்க, 2009-ல வெளியே போனார். ஆனா நாலு வருஷம் இடைவெளி விட்டா மறுபடி நிக்கலாம். 2012-ல நின்னு ஜெயிச்சார். தொகுதி அதே 11, வடக்கு ஒமாஹா. சம்பளம் வருஷத்துக்கு 12,000 டாலர்தான், அதையும் எழுது.

யாழினி: அப்போ 1971-ல இருந்து 2021 வரைக்கும், 50 வருஷம்னு போடலாமா?

வசந்தா அத்தை: போடாத. 1971–2009 ஒரு 38, 2013–2021 ஒரு 8. மொத்தம் 46.