அந்த வீட்டில் எத்தனை அடுப்பு? முதலாண்டு அளவெடுத்த அனுபவங்கள்

தெற்குவாசல்:

பி.ஆர்க் (கட்டடக்கலை) முதலாண்டில் மெஷர்டு டிராயிங்குக்கு, அதாவது இருக்கிற கட்டடத்தை அளந்து வரைவதற்கு, கானாடுகாத்தான் பக்கத்தில் ஓர் ஊருக்குக் கூட்டிப் போனார்கள். நாங்கள் ஆறு பேர், 30 மீட்டர் டேப் ஒன்று, பிளம்ப் பாப் (தூக்குக்குண்டு) ஒன்று. எங்களுக்கு வந்தது இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லை வாசலுமாக நீண்டு கிடந்த செட்டிநாட்டு வீடு. நீளம் ஐம்பது மீட்டர் சொச்சம். 1:50 அளவில் போட்டால் தாளில் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். ஏ1 தாளின் நீளமே 841 மில்லிமீட்டர்தான். சரி, 1:100 என்று முடிவு செய்தோம்.

முதல் நாள் அறை அறையாக அளந்து கூட்டினோம். உள்ளளவுகளையும் சுவர் கனத்தையும் கூட்டியதற்கும் வெளியே அளந்ததற்கும் 23 சென்டிமீட்டர் வித்தியாசம். சாப்பிடவே பிடிக்கவில்லை. சார் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “சுவர் கனத்தை எத்தனை இடத்துல எடுத்தீங்க?” ஒரே இடத்தில், வாசற்படி ஓரத்தில். எல்லாச் சுவருக்கும் அதையே போட்டிருந்தோம். மறுநாள் டேப்பை ஒரு முனையில் ஊன்றி, நகர்த்தாமல் ஓட்ட அளவு எடுத்தோம், எல்லாமே அந்த ஒரே முனையிலிருந்து. ஒவ்வோர் அறைக்கும் மூலைவிட்டமும் எடுத்தோம். சதுரம் என்று நினைத்திருந்த அறைகளில் பாதி சதுரமே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. வளவைச் சுற்றி வரிசையாக எட்டு அறைகள். நான் அழகாகப் ‘படுக்கையறை 1’ முதல் ‘படுக்கையறை 8’ வரை எழுதி வைத்திருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதுக்குள்ள யாரு தாயி படுப்பா? சன்னல் கூட இல்ல. சாமான் செட்டு வைக்கிறது. நாங்க படுக்குறது வெளிய, காத்தாட.”

அப்புறம் ஒவ்வொரு கதவாகக் காட்டிச் சொன்னார். இது பெரியவர் பங்கு, பூட்டிக் கிடக்கிறது, சாவி மலேசியாவில். இது மூன்றாமவர் வீடு. அவர் ‘வீடு’ என்று சொன்னது அந்த ஒற்றை அறையை! மகனுக்குக் கல்யாணமானதும் அவனை ‘வேறு வைத்து’விடுவார்களாம். ஒரே கூரைதான், ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு. கோயில் கணக்கிலும் அந்தத் தம்பதி ஒரு ‘புள்ளி’, அதாவது தனிக் குடும்பம்.

அந்த செமஸ்டரில் மானிடவியல் அறிமுகம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வகுப்பு இருந்தது. அதில் யாரும் முழித்திருந்ததாக எனக்கு நினைவில்லை. வம்சாவளி சார்ட்டில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி என்பது மட்டும் எப்படியோ மண்டையில் தங்கியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து ஆச்சி சொல்லச் சொல்ல அந்தக் குடும்பத்துக்கு ஒரு சார்ட் போட்டேன். எட்டு அறை, ஐந்து முக்கோணம், கணக்கு உதைத்தது. ஒரு கிளையில் வாரிசு இல்லாமல் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டியிருக்கிறார்கள் (தத்து எடுப்பது), அந்த அறை அவருக்குப் போயிருக்கிறது. அதற்கு ஒரு புள்ளிக்கோடு. இன்னொருவர் தம்பியின் பங்கையும் வாங்கிக்கொண்டார். இப்படியே நேராக்கி, கடைசியில் பிளானில் அறை எண்ணையும் சார்ட்டில் ஆளையும் ஒன்றாக இணைத்தேன்.

டிராயிங்குக்கு மதிப்பெண் சுமார்தான். என் லெட்டரிங் அப்படி.

முக்கோணம்வட்டம்:

உங்களுக்குத் தூக்கம் வந்த பாடம்தான் எனக்கு மெயின். அந்த வம்சாவளி சார்ட் நம் பக்கத்தோடும் தொடர்புள்ளது. வம்சாவளி கேட்டுப் பதியும் முறையை ஒழுங்குபடுத்திய ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ், 1898-ல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணைப் பயணத்தில் அதைத் தொடங்கி, 1901-02-ல் நீலகிரியில் தோடர்களிடம் வந்து பெரிய அளவில் செய்து பார்த்தார். 1906-ல் புத்தகமாக வந்தது.

எங்கள் முதல் களப்பணி ஒரு மீனவக் குப்பத்தில். “வீட்டுல எத்தனை பேருண்ணே?” என்று கேட்டால் ஒருவர் நாலு என்கிறார், அவர் தம்பி பதினொன்று என்கிறார். இருவரும் ஒரே கூரைக்குக் கீழேதான். பேராசிரியர் எங்களை மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் விளக்கத்தைப் படிக்கச் சொன்னார். அதில் கட்டடத்தை எண்ணுவது தனி, குடும்பத்தை எண்ணுவது தனி. சேர்ந்து வாழ்ந்து பொதுச் சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். மறுநாள் கேள்வியை மாத்தினேன்: “ஒரே உலையில எத்தனை பேருக்குச் சோறு?” எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

ஆனால் என் வீட்டுப் படம் கேவலம். காலடியால் அளந்து நோட்டில் கிறுக்கி, வடக்கைக் குறிக்காமலே ஊர் திரும்பிவிட்டேன். கடல் எந்தப் பக்கம் என்று யோசித்து யோசித்து வடக்கைக் கண்டுபிடித்தேன்.

டிரேசிங்ஷீட்:

நான் கல்லூரி இல்லை, ஐ.டி.ஐ. சிவில் டிராஃப்ட்ஸ்மேன், இரண்டு வருஷம். மானிடவியல் என்ற வார்த்தையையே இங்கேதான் பார்க்கிறேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 2ஹெச் பென்சில், டிரேசிங் தாளில் மசி தப்பினால் பிளேடால் சுரண்டுவது எப்படி, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்காமல் மறுபடி கோடு போட்டால் மசி எப்படி ஊறும், இவ்வளவுதான்.

வேலைக்குப் போன முதல் மாதம், அண்ணன் தம்பி இருவருக்குமாக ஒரு வீடு. இரண்டு சமையலறை போட்டேன். பெரியவர் கூப்பிட்டு, “தம்பி, ரெண்டாவதுக்கு ஸ்டோர்னு எழுதிடுங்க, அம்மா பார்த்தா மனசு கஷ்டப்படும்” என்றார். எழுதினேன். சிங்க்கும் புகைபோக்கியும் உள்ள ஸ்டோர்! அம்மாவுக்குப் பிளான் படிக்கத் தெரிந்திருந்தது என்பது கிரகப்பிரவேசத்தன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஸ்டோரிலும் ஒரு தடவை பால் காய்ச்சச் சொன்னார்.

கிணற்றடி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். செட்டிநாட்டில் ‘வளவு’ என்றால் வீட்டுக்குள்ளே இருக்கிற முற்றம் என்று இப்பதான் தெரியுது. எங்களுக்கு வளவு என்றால் வேலிக்குள்ளே இருக்கிற முழுக் காணியும். முதல் பதிவைப் படிக்கேக்க கொஞ்ச நேரம் குழம்பிப் போனன்.

முதலாம் வருஷம் எனக்கு அளக்கக் கிடைச்சது எங்கட சொந்த நாற்சார் வீடுதான் (நடுவிலே முற்றம், நாலு பக்கமும் கட்டிடம்), அம்மம்மா இருக்கிற வீடு. இங்கே கதை தலைகீழ். வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை வந்து சேருவார். அம்மம்மாவின் தாய்க்கு, பிறகு அம்மம்மாவுக்கு, பிறகு அம்மாவுக்கு. சார்ட்டில் வீடு வட்டத்திலிருந்து வட்டத்துக்கே இறங்கி வந்தது. முக்கோணங்கள் எல்லாம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன.

நான் விட்ட பிழை கிணறு. வீட்டை மட்டும் அளந்து தாளின் நடுவிலே பெரிசாக வைச்சிட்டன். பிறகு காணி உறுதியை (பத்திரத்தை) எடுத்துப் பார்த்தால் அதில் கிணற்றில் எங்களுக்குள்ள பங்கும், அங்கே போகிற வழியும் வாய்க்காலும் எழுதியிருக்கு. கிணறு வேலிக்கு அங்கால், மூன்று வீட்டுக்குப் பொது. என் தாளில் அதுக்கு இடமே இல்லை. பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டித்தான் கிணறு வரைஞ்சன்.

தெற்குவாசல்:

@கிணற்றடி, பிளானில் கிணறும் வட்டம், சார்ட்டில் பெண்ணும் வட்டம். ஒரே தாளில் போட்டபோது குழப்பம் வரவில்லையா?

கிணற்றடி:

வந்தது. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்திட்டு, “இது நானோ, கிணறோ?” என்று கேட்டவ.