கஞ்சமலைக் கல்லுக்கு வராத ரயில்

இளம்பிள்ளைவாசி:

சேலத்து இரும்புக் கல்லையும் அது பயணப்பட்ட வழிகளையும் பற்றி, தாம் நேரில் கண்டதை உறுப்பினர்கள் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தேன். முதலில் நானே எழுதுகிறேன். கஞ்சமலை அடிவாரத்தில் மழை விட்டதும் ஓடை மணலில் துணி சுற்றிய காந்தத்தை இழுத்துப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் முள்ளம்பன்றியின் முதுகு போலச் சிலிர்த்து ஒட்டும். துணியைப் பிரித்தால் அத்தனையும் உதிர்ந்துவிடும். ஏர் உழும்போது கனத்த கிட்டக் கட்டிகள் கிளம்புவதையும் எங்கள் பக்கத்தில் பலர் கண்டிருக்கிறார்கள். துருத்தி ஊதி இரும்பு உருக்கியவர்கள் விட்டுச்சென்றவை அவை.

இந்தக் கல்லை நம்பித்தான் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். கல் இருந்ததோ சேலத்தில், உலை இருந்ததோ கடற்கரையில். இடைப்பட்ட தூரத்தை மாட்டு வண்டியும் ஆற்று வழியும் கடக்க வேண்டியிருந்தது. பிற்பாடு 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற பெயரில் முயற்சி தொடர்ந்தபோது, காவிரிக் கரையில் நம் பூலாம்பட்டியிலும் உலை எழுந்தது. சென்னை ரயில்வேயின் தண்டவாளம் 1861-இல் சேலத்தை எட்டியது. அதே பத்தாண்டு முடிவதற்குள் பரங்கிப்பேட்டை உலை அணைந்துவிட்டது. ரயில் முப்பது ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் அந்த ஆலை பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற கார்டு:

சரக்கு வண்டிகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஓமலூர்–மேட்டூர் பாதையில் மேச்சேரி ரோடு என்றொரு நிலையம் உண்டு. பொட்டனேரி இரும்பாலைக்கு வேண்டிய கல் கர்நாடகத்திலிருந்து ரயிலில் வந்து சேர்வது அந்தப் பக்கம்தான். பிளாட்பாரத்தில் நிற்பவர்கள், "என்ன சார், பாதி வண்டி காலியாக வருகிறதே" என்று கேட்பார்கள். காலி இல்லை. இரும்புக் கல்லின் கனத்துக்கு, நிலக்கரி போல விளிம்பு வரை கொட்டினால் அச்சு தாங்காது. ஆகவே பெட்டியின் அடியில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு மேடு தெரியும், அதுவே முழுப் பாரம். கறுப்புக் கல் மலையாகக் கிடக்கும் மாவட்டத்துக்குச் சிவப்புக் கல் ரயிலேறி வருவதை நினைத்து நாங்கள் சிரித்ததுண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கல்லுக்கு நம் ஊரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது, மேக்னசைட் ஜங்ஷன். சுண்ணாம்புக் கரட்டில் வெட்டிய அந்தக் கல்லைச் சுட்டுச் செங்கல்லாக்கி, வெளியூர் எஃகு உலைகளின் உட்சுவருக்கு அனுப்பினார்கள். இரும்புக் கல்லுக்கு அந்தக் கொடுப்பினை அமையவில்லை.

ஏற்காடு, ஆசிரியை:

இளம்பிள்ளை ஐயா கூறும் காரணத்தை என்னால் அப்படியே ஏற்க இயலவில்லை. பரங்கிப்பேட்டை உலை எரிந்தது மரக்கரியில். காடு தூரமாகத் தூரமாகக் கரியின் செலவு ஏறிக்கொண்டே போனது. அன்றைய சென்னை ரயில்வேயின் எஞ்சின்களும் விறகைத்தான் தின்றன. ரயில் முன்னதாக வந்திருந்தால், அதே காட்டுக்கு இன்னொரு பங்காளி முன்னதாக வந்திருப்பான், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, துறைமுகத்தில் இறங்கிய மலிவான சீமை இரும்பை உள்ளூர்ச் சந்தைவரை கொண்டுசேர்த்ததும் அதே ரயில்தான்.

மாணவர்களை இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு அழைத்துச் செல்லும்போது ராபர்ட் புரூஸ் பூட்டின் நினைவிடத்தைக் காட்டுவேன். பல்லாவரத்தில் 1863-இல் கற்கருவியைக் கண்டெடுத்தவர் என்று அவரைப் பாடத்தில் படித்திருப்பார்கள். வில்லியம் கிங்குடன் சேர்ந்து சேலத்தின் பாறைகளை ஆராய்ந்து, கஞ்சமலையின் இரும்புப் படுகைகளையும் பதிவு செய்தவர் அவரே என்று சொன்னால் பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும்.

இளம்பிள்ளைவாசி:

விறகைப் பற்றி அம்மா எழுதியது நியாயம். ஆனால் நூறு ஆண்டு கழித்து நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் ரயிலும் இரண்டும் கைக்கெட்டிய காலத்திலும் கதை மாறவில்லை. கஞ்சமலைக் கல்லை மனத்தில் வைத்துக் கேட்கப்பட்ட சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்கே உருண்டு வந்ததோ வெளியிலிருந்து வந்த எஃகை உருளைகளால் அழுத்தி மெலிதாக்கிய துருப்பிடிக்காத தகடு. நம் கல்லில் இரும்பு நூற்றுக்கு நாற்பது பங்குகூடத் தேறுவது அரிது, மீதி பெரும்பாலும் படிகக் கல். அதை அரைத்து, காந்தத்தால் பிரித்து, உருண்டையாக்கிய பிறகே உலைக்கு ஆகும். கார்டு ஐயா கண்ட சிவப்புக் கல்லுக்கு இத்தனை சீராட்டு வேண்டியதில்லை. தண்டவாளம் போட்டிருந்தாலும் கஞ்சமலைக் கல் அதில் ஏறியிருக்குமா என்ற சந்தேகம் இப்போது எனக்கே வந்துவிட்டது. பூலாம்பட்டி உலையின் இடத்தை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் அடுத்து எழுதுங்கள்.